ஏழாம் நம்பர் காம்பராச் சுவர்

விசாரணைக்கு வந்திருந்தவர்கள் ஏழு பேரும் ஒரு நாயும். ஊசிக்கல் தேயிலைத் தோட்டத்துப் பெரியதுரை, வடக்குப் பார்த்த ஜன்னலோரம், ஃபாக்டரியில் இருந்த ஒரே கைவைத்த நாற்காலியில். அவர் காலடியில் டைகர். துரைக்கு வலப்பக்கம், வெந்நீரில் வடித்த தேயிலைச் சாயம் ருசி பார்க்கும் நீள மேசையின் தலைமாட்டில், டீமேக்கர் முத்துலிங்கம். அது அவருடைய அறை, அவரை யாரும் உட்காரச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இடப்பக்கம், கவிழ்த்துப் போட்ட தேயிலைப் பெட்டியின் மேல், தோட்டத்து ஆட்களுக்கு மருந்து கொடுக்கும் மருந்தையா பொன்னையா. பெரிய கங்காணி வீரய்யா நின்றுகொண்டிருந்தார். சொன்னால் உட்காருவார், துரை சொல்லவில்லை. அறைக்கு நடுவே வெறுந்தரையில் வேலாயி. அவளைச் சுவருக்குக் கிட்டே விடக் கூடாது என்று கங்காணி முதலிலேயே கேட்டுக்கொண்டிருந்தார். அவள் புருஷன் பழனியாண்டி வாசற்படிக்கு வெளியே, மழை அவன் முதுகில் மட்டும் படும்படி குந்தியிருந்தான்.

இந்த வரிசையைத் தாளின் தலைப்பில் எழுதி, அடியில் கோடும் போட்டு, தேதி 1936 ஆடி மாதம் பதினைந்து வியாழக்கிழமை என்று குறித்துக்கொண்டவர் ஏழாவது ஆளான ஆபீஸ் கிளாக்கர் சுப்பிரமணியம். ஹட்டனில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவர். அங்கே அவர் கற்றுக்கொண்டது இரண்டு விஷயம்: கடிதத்தில் முதலில் நடந்ததை முதலில் எழுத வேண்டும், மை காயாமல் தாளை மடிக்கக் கூடாது.

குற்றச்சாட்டு எளிமையானது. வேலாயி தன் காம்பராவின் சுவரைத் தின்கிறாள்.

ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை வீதம் வரிசையாகக் கட்டிய லயத்தில், மண் பூசிச் சுண்ணாம்பு அடித்த சுவர் அது. ஏழாம் நம்பருக்கும் எட்டாம் நம்பருக்கும் நடுவே உள்ளது. கங்காணி அளந்துகொண்டு வந்திருந்தார்: நீளம் ஒரு முழம், அகலம் ஒரு சாண், ஆழம் நாலு விரல். வேலாயி விரலால் சுரண்டிச் சுரண்டித் தின்ற பள்ளம் வழவழவென்று, கொத்தனார் செய்தது போல இருக்கிறதென்றும் சொன்னார்.

"இன்னும் ரெண்டு மாசம் விட்டா, எட்டாம் நம்பர் ஆளுங்களும் இவுங்களும் ஒரே வீடாப் போயிருவாங்க தொரை," என்றார். "அப்புறம் யார் சோறு யார் சட்டின்னு நான்தான் பஞ்சாயத்துப் பண்ணணும்."

துரைக்குத் தமிழ் நன்றாக வரும். ஆனால் காலையில் பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கற்ற தமிழ் என்பதால், எதைச் சொன்னாலும் அதட்டுவது போலவே வரும். "வேலாயி. நீ சோறு தின்னு. சொவர் தின்னாதே. என்னத்துக்குத் தின்றது?"

வேலாயி எழுந்து நின்று பதில் சொல்லப் பார்த்தாள். பாதியில் கண்ணை இருட்டிக்கொண்டு வரவே, மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மூன்று பெற்று ஒன்றைப் பறிகொடுத்தவள். உதடும் நகமும் சாம்பல் பூசியது போல் வெளுத்திருந்தன.

"மழ பேஞ்சு சொவரு நனைஞ்சதும் ஒரு வாசம் வருதுங்க தொரை," என்றாள். "வேணாம்னுதான் திரும்பிப் படுப்பேன். கையி அதுபாட்டுக்குப் போயிருது."

வாசலுக்கு வெளியிலிருந்து பழனியாண்டி, சுவர்ப்பக்கம் இனிமேல் தானே படுத்துக்கொள்வதாகச் சொன்னான். இதை அவன் காலையிலிருந்து ஐந்து முறை சொல்லியிருந்தான்.

மருந்தையா பொன்னையா அப்போது வாயைத் திறந்தார். மெலிந்த மனிதர், குரலும் மெலிந்தது. மண் தின்கிற ஆசையே ஒரு நோய்க்குறி என்றார். ஈர மண்ணில் கொக்கிப்புழு இருக்கிறது, வெறுங்காலோடு கொழுந்து பறிப்பவர்களின் பாதத்தில் துளைத்து உள்ளே போகிறது, குடலில் பல்லால் கவ்விக்கொண்டு நாளெல்லாம் இரத்தம் குடிக்கிறது, அதற்குமேல் பிள்ளைப்பேறு வேறு, தின்பதோ அரைவயிறு. இரத்தத்தின் சிவப்பு குறையக் குறைய மூச்சு வாங்கும், தலை சுற்றும், கால் வீங்கும், மண்மேல் நாக்கு போகும். இதற்குப் பெயர் சோகை.

"ஆனால் இவளுக்குத் தொண்ணூறு," என்றார் துரை.

மருந்தையா தலையைக் குனிந்துகொண்டார். ஏனென்றால் அந்தத் தொண்ணூறைக் கொண்டுவந்த புத்தகத்தை வரவழைத்தவரே அவர்தான்.

புத்தகம் என்றால் உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன ஏடு. மூன்று வாரத்துக்கு முன்பு பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடமிருந்து மருந்தையா கெஞ்சி வாங்கிவந்தது. அட்டையில் பத்துச் சிவப்புக் கட்டங்கள், வெளிர் சிவப்பில் தொடங்கிக் கருஞ்சிவப்பு வரை. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ஓட்டை. பக்கத்தில் பத்து முதல் நூறு வரை எண். உள்ளே மை ஒற்றுகிற மாதிரியான வெள்ளைத் தாள்கள். விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைத் தாளில் ஒற்றி, ஓட்டைக்கு அடியில் பிடித்து, எந்தக் கட்டத்தோடு நிறம் ஒத்துப்போகிறதோ அந்த எண்தான் அந்த ஆளின் இரத்தம். இரத்தத்தைச் சிவப்பாக்கும் சாமானுக்கு ஹீமோகுளோபின் என்று பெயர் என மருந்தையா சொன்னார். துரைக்கு அந்தச் சொல் பிடித்துப்போய், அன்று முழுக்க நாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பகல் வெளிச்சத்தில் மட்டுமே பார்க்க வேண்டும் என்று ஏட்டில் போட்டிருந்தது. மருந்துக் காம்பராவுக்குள் பகலிலும் பனிமூட்டம். தோட்டத்தில் நல்ல வெளிச்சம் விழும் ஒரே இடம் ஃபாக்டரியில் சாயம் பார்க்கும் அறை. சரி, நிறம் பார்ப்பதில் சமர்த்தர் யார் என்ற கேள்வி வந்தபோது, இருபத்திரண்டு வருஷமாகத் தேயிலைச் சாயத்தின் நிறம் பார்த்தே கண் பழுத்துப்போன முத்துலிங்கத்தை விட்டால் வேறு யார்? இப்படித்தான் ஊசிக்கல் தோட்டத்து இரத்தம் முழுவதும் டீமேக்கர் கைக்கு வந்து சேர்ந்தது.

அவர் அதை வெகு ஒழுங்காகச் செய்தார். ஒவ்வொரு சொட்டையும் தூரத்தில் பிடித்துப் பார்த்து, பக்கத்தில் கொண்டுவந்து பார்த்து, நாக்கைச் சப்புக்கொட்டி, பிறகு எண்ணைச் சொல்லுவார். சின்னதுரையின் இரத்தம் கொஞ்சம் அதிகமாக வாடிவிட்டதென்றார். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் இரத்தத்தில் ஒரு புகை வாசம் இருப்பதாகச் சொல்லி, கண்டாக்கையாவுக்கு இரண்டு நாள் தூக்கம் கெட்டது.

தோட்டத்தில் எது நடந்தாலும் பதவிப்படியே நடக்கும். தண்ணீர் பிடிப்பதிலிருந்து சாமி கும்பிடுவது வரை அப்படித்தான். இரத்தமும் அப்படியே. முதலில் பெரியதுரை. எழுபது வந்தது, துரை நம்பாமல் இன்னொரு தாளில் இன்னொரு சொட்டு விட்டார், அதுவும் எழுபது. அடுத்து துரைசாணி, சின்னதுரை, கண்டாக்கு, டீமேக்கர், கிளாக்கர், மருந்தையா, கணக்கப்பிள்ளை, வீரய்யா, அவரோடு இன்னும் மூன்று கங்காணிகள். இவர்கள் எல்லாருக்கும் எழுபதுக்கும் எண்பதுக்கும் நடுவே. கடைசித் தாள் டைகருக்குப் போனது, அறுபத்தைந்து. லயத்து ஆட்களின் முறை வந்தபோது ஏட்டில் வெறும் அட்டைதான் மிச்சம்.

தாள் இல்லை என்று மருந்தையா கையைப் பிசைந்தபோது உதவிக்கு வந்தவர் சுப்பிரமணியம். ஆபீசில் மை ஒற்றும் தாள் கட்டுக்கட்டாகக் கிடந்தது, கொழும்புச் சரக்கு, நல்ல அழுத்தமான ரோஸ் நிறம். அவர் அதை ஏட்டின் அளவுக்கே, அடிமட்டம் வைத்து, நூற்று நாற்பத்து மூன்று துண்டாக நறுக்கிக் கொடுத்தார். ஒரு துண்டுகூட ஓரம் கோணியிருக்கவில்லை. துரை அதைக் கையில் எடுத்துப் பார்த்துப் பாராட்டினார்.

லயத்து இரத்தம் தொண்ணூறிலும் நூறிலும் வந்து குவிந்தது. தேயிலைச் செடிகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டும் கிழவர் ஒருவருக்கு நூறையும் தாண்டியது, அட்டையில் இடமில்லை என்றார் டீமேக்கர். பதவி இறங்க இறங்க இரத்தம் ஏறுகிற விந்தைக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். வீரய்யா கங்காணி, இந்த ஆட்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்றார். துரைதான் சரியான காரணத்தைக் கண்டுபிடித்தார்: கொழுந்து பறிப்பதால் இரத்தம் ஊறுகிறது.

மறுநாளிலிருந்து துரை விடியற்காலைப் பெரட்டுக்கு வந்து, கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு, நாலாம் நம்பர் மலையில் பெண்களுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் கொழுந்து பறிக்கத் தொடங்கினார். தொப்பியைக் கழற்றினால் பனி, போட்டால் கயிறு நிற்காது. பேர் கூப்பிடும்போது அவர் பேரை எப்படிக் கூப்பிடுவதென்று வீரய்யாவுக்குத் தெரியவில்லை. வேறு பக்கம் திரும்பி நின்று லேசாக இருமுவார், துரை "இருக்கு" என்பார். அவர் பறித்ததெல்லாம் முற்றல் இலை. அதை வேறு யாராவது பறித்திருந்தால் கூடையோடு தலையில் கொட்டியிருப்பார்கள் என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

ஆக, வேலாயிக்குத் தொண்ணூறு. துரைக்கே இருபது அதிகம். இதற்குமேல் அவளை நோயாளி என்று எந்த வாயால் சொல்வது? மலையேறும்போது பத்தடிக்கு ஒருதரம் உட்காருவது சோம்பல்; சுவரைத் தின்பது திமிர். சனிக்கிழமை காலையில் அவளுக்கும் புருஷனுக்கும் வேலை நீக்கும் பற்றுச்சீட்டு கொடுத்துத் தோட்டத்தை விட்டு அனுப்பிவிட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அந்தச் சீட்டில் காரணம் எழுதவேண்டிய ஒரு கட்டம் உண்டு. என்ன எழுதட்டும் என்று சுப்பிரமணியம் கேட்டார்.

"உள்ளது எழுது," என்றார் துரை. "சொவர் தின்றது."

பழனியாண்டி வாசலில் எழுந்து நின்றுவிட்டான். அப்படி ஒரு சீட்டோடு டயகமவில் இல்லை, பூண்டுலோயாவில் இல்லை, எந்தத் தோட்டத்திலும் லயத்துக்குள் கால் வைக்க விடமாட்டார்கள். எந்தத் துரையும் தன் சுவரைப் பார்ப்பானா, இவர்களைப் பார்ப்பானா? இரண்டு பிள்ளைகளோடு எங்கே போய் நிற்பது? சுவர்ப்பக்கம் தானே படுத்துக்கொள்வதாக ஆறாவது முறை சொன்னான்.

துரைக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. தோட்டத்து இரத்தக் கணக்கு முழுவதையும், தாள்களை வரிசையாக ஒட்டி, பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்கு ஒரு கடிதத்தோடு அனுப்ப வேண்டும். உலகத்துக்கே இது புதிய செய்தி என்று நினைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை சுப்பிரமணியம் பசையும் நீளத் தாளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் தாளில் பதவிப்படி பன்னிரண்டு பேர், கடைசியில் டைகர். துரைக்கு மட்டும் இரண்டு துண்டு என்பதால், இரண்டாவதை ஒட்டாமல் தனியே வைத்தார். வெள்ளையில் சிவப்புச் சொட்டுகள் பொட்டு வைத்தது போல எடுப்பாக இருந்தன. இரண்டாம் தாளில் லயத்து ஆட்கள், காம்பரா எண் வரிசையில். ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்று ஒட்டிக்கொண்டே வந்தவர் ஏழாம் நம்பருக்கு வந்ததும் நின்றார்.

வேலாயியின் துண்டில் சொட்டு இல்லை.

திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் இல்லை. பேர் எழுதியிருக்கிறது, அவருடைய கையெழுத்துதான். ஜன்னலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தார். அப்போதுதான், ஈரம் காய்ந்த விளிம்பு மெல்லிய வட்டமாகத் தெரிந்தது. உள்ளே இருந்த நிறமும் வெளியே இருந்த தாளும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. தாளின் சிவப்பைத்தான் இத்தனை பேருக்கும் இரத்தமென்று வாசித்திருக்கிறார்கள்.

குண்டூசியை எடுத்துத் தன் விரலைக் குத்தி ரோஸ் தாளில் ஒற்றினார். வெள்ளைத் தாளில் அவருக்கு எழுபத்தைந்து. இப்போது நூறு. மூன்று வாரத்தில் இருபத்தைந்து ஏறுவதற்கு அவர் ஒரு கொழுந்துகூடப் பறித்திருக்கவில்லை.

நூற்று நாற்பத்து மூன்று துண்டு. அடிமட்டம் வைத்து வெட்டியது. துரை பாராட்டியது. இதை வெளியே சொன்னால் தோட்டம் முழுக்கச் சிரிக்கும். டீமேக்கர் ஜென்மத்துக்கும் முகம் கொடுக்க மாட்டார். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நாளைக்கு எழுத வேண்டிய பற்றுச்சீட்டு மேசையில் கிடந்தது. அதையும் அவர்தான் எழுத வேண்டும், நல்ல கையெழுத்தில்.

பேனாவைத் துடைத்து வைத்துவிட்டு, தனியே கிடந்த துரையின் இரண்டாவது துண்டை எடுத்தார். ஒரு முனையில் துரையின் சொட்டு. மறுமுனை வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. தோட்டத்தில் இரத்தம் ஒற்ற மிச்சமிருந்த ஒரே வெள்ளை இடம் அதுதான்.

மருந்தையாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. ஊசியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். வேலாயியை மலையிலிருந்து கூட்டிவர வெகு நேரமாயிற்று. ஃபாக்டரிப் படி பதினெட்டில் மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். ஊசியைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இன்னொரு தரமாங்க? இருக்கறதே கொஞ்சந்தான்."

முத்துலிங்கம் முதலில் அட்டையைத் தொடவே மறுத்தார். தன் கண் தப்பாது, வேண்டுமானால் கொழும்பிலிருந்து ஆள் வரட்டும் என்றார். கண் தப்பவில்லை, தாள் தப்பு, அந்தத் தாள் என்னுடையது என்று சுப்பிரமணியம் இரண்டு தரம் சொன்ன பிறகுதான் துண்டை வாங்கினார். தொண்ணூறில் வைத்தார். எண்பதில் வைத்தார். ஒவ்வொரு ஓட்டையாகக் கீழே இறங்கி முப்பதில் நிறுத்தி, அங்கேயும் ஒரு வினாடி யோசித்தார். பிறகு சப்புக்கொட்டாமல் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"இது மூணாந்தரம் ஊத்தின சாயத் தண்ணி," என்றார். பிறகு அட்டையை மூடிவிட்டு, யாரையும் பார்க்காமல், "இத வச்சுக்கிட்டு இவ எப்பிடிங்க மலை ஏறினா?" என்றார்.

துரை நாலாம் நம்பர் மலையில் கூடையோடு நின்றார். முழங்கால் வரை சேறு, நெற்றியில் கயிற்றுத் தடம். சுப்பிரமணியம் வழியெல்லாம் அடுக்கிவைத்திருந்ததை முதலில் நடந்தது முதலில் என்ற வரிசையில் சொன்னார்: ஏட்டில் தாள் தீர்ந்தது, ஆபீஸ் தாளை வெட்டியது தான், அதன் நிறம் இரத்தத்தின் எண்ணோடு சேர்ந்துவிட்டது. துண்டையும் நீட்டினார். ஒரு முனையில் துரை, மறுமுனையில் வேலாயி. துரை அதை வெகு நேரம் பார்த்தார்.

"நான் எத்தனை?"

"எழுபதுங்க தொரை."

"இவள்?"

"முப்பதுங்க. அதுவும் டீமேக்கரய்யா மனசு வச்சு."

"மத்த ஆள்கள்?"

"தெரியாதுங்க. வெள்ளத் தாள் இல்லீங்க."

துரையின் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. எழுபது என்பது டைகரை விட்டால் தோட்டத்திலேயே மட்டமான இரத்தம் என்று மூன்று வாரமாக வாடியிருந்தவர், அது நல்ல இரத்தம் என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துகொண்டார். நெற்றியிலிருந்து கயிற்றைக் கழற்றிக் கூடையைப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்தார். நாளையிலிருந்து பெரட்டுக்கு வரமாட்டேன் என்றார். அந்த மகிழ்ச்சியில் எதைக் கேட்டாலும் கொடுத்திருப்பார். சுப்பிரமணியம் கேட்க வேண்டியதை மட்டும் கேட்டார். பற்றுச்சீட்டு வேண்டாம். வேலாயி ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்.

"போகட்டும். சொவர் பூசு," என்றார் துரை.

சுவர் பூசும் வேலை வீரய்யா தலையில் விழுந்தது. பழனியாண்டியைக் கூப்பிட்டு மண் குழைக்கச் சொன்னார். வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த வேலாயி, சுண்ணாம்பை நிறையப் போட்டுவிடாதீர்கள், மண் வாசம் செத்துப்போகும் என்றாள். கங்காணி கேட்டதும் ஒரு கூடை சுண்ணாம்பு கூடுதலாகக் கொண்டுவரச் சொன்னார்.

சனிக்கிழமை காலை, தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போகும் லாரி ஃபாக்டரி முற்றத்தில் நின்றது. வழியில் ஆஸ்பத்திரியில் வேலாயியை இறக்கிவிடுவதாக ஏற்பாடு. லாரியில் போகும் எதற்கும் சரக்குச் சீட்டில் பதிவு இருக்க வேண்டும் என்பதால், நாற்பது பெட்டிக்குக் கீழே "மனுசி ஒன்று" என்று சுப்பிரமணியம் எழுதிக் கொடுத்திருந்தார். பழனியாண்டி அவளைப் பெட்டிகளுக்கு நடுவே, ஒரு கம்பளியைச் சுற்றி உட்காரவைத்தான். பிள்ளைகள் இரண்டும் எட்டாம் நம்பர் வாசலில் நின்று பார்த்தன.

ஆபீசில் சுப்பிரமணியம் ஆஸ்பத்திரி டாக்டருக்கு எழுதும் கடிதத்தின் கடைசி வரிகளுக்கு வந்திருந்தார். முதலில் நடந்ததை முதலில் எழுதியிருந்தார். வேலாயியின் இரத்தம் முப்பது. வெள்ளைத் தாள் பதினான்கும் பதவிப்படி தீர்ந்துபோனதால், லயத்திலுள்ள மற்ற நூற்று நாற்பத்து இரண்டு பேரின் இரத்தம் இன்னும் பார்க்கப்படவேயில்லை என்று கொள்ளவும். ரோஸ் தாளை வெட்டிக் கொடுத்தவன் இதில் கையெழுத்திடும் கிளாக்கர். டீமேக்கர் மேல் பிழையில்லை. நூற்று ஐம்பது வெள்ளைத் தாளும், அத்தனை பேருக்கும் வயிற்றுப் பூச்சி மருந்தும், இரும்பு மருந்தும் அனுப்பி உதவ வேண்டும். இம்முறை கடைசி லயத்திலிருந்து தொடங்கலாமா என்று துரையிடம் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

கையெழுத்துப் போட்டதும் பழக்கதோஷத்தில் ரோஸ் தாளை எடுத்தார். எடுத்த கையை அப்படியே நிறுத்தி, கீழே வைத்துவிட்டு, மை தானாகக் காயும் வரை ஊதிக்கொண்டிருந்தார். வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார். சுப்பிரமணியம் அவசரப்படவில்லை. காய்ந்ததும் மூன்றாக மடித்து, உறைக்குள் துரையும் வேலாயியும் இருந்த அந்தத் துண்டையும் சேர்த்து வைத்து, அரக்கை உருக்கி மூன்று இடத்தில் ஊற்றி முத்திரை குத்தினார்.

முற்றத்தில் இறங்கிக் கடிதத்தைப் பழனியாண்டியிடம் கொடுத்தார். அவன் லாரியில் ஏறி, வேலாயியின் சேலை முந்தானையில் அதை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டுக் குதித்து இறங்கினான். லாரி கிளம்பிக் கீழ்வளைவில் பனிக்குள் இறங்கியது.